பைபாஸ்: காலில் துளை போட்டு ரத்தக் குழாய் எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, பல வருடமாகச் சர்க்கரை. இதயக் குழாயில் மூன்று அடைப்புக்கு பைபாஸ் செய்ய வேண்டும். அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதையாகப் பொருத்த, காலை நீளமாக அறுக்காமல் சிறு துளை வழியே ரத்தக் குழாய் எடுக்கலாம், செலவு கூடும் என்கிறார்கள். அப்படி எடுத்த குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எது நல்லது?

பதில்: பழகிய கை கிடைத்தால் துளை முறையையே தேர்ந்தெடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத்தான் இதனால் பலன் அதிகம். கணுக்காலிலிருந்து தொடை வரை அறுத்த காயம் அவர்களுக்குச் சீழ் பிடித்து, நெஞ்சுக் காயம் ஆறிய பிறகும் வாரக்கணக்கில் படுத்தும்.

முழங்காலின் உட்புறம் 2 முதல் 3 செ.மீ. அளவுக்குக் கீறுவார்கள். அதன் வழியே கேமரா பொருத்திய கூம்பு முனைக் குழலை நுழைத்து, கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்தி, சஃபீனஸ் என்ற குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து அதைப் பிரிப்பார்கள். பிறகு கிளைகளை ஒவ்வொன்றாகச் சூடு வைத்துத் துண்டிப்பார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். தாய்க் குழாயை ஒட்டிச் சூடு வைத்தால் சுவர் கருகும். கிளையை இழுத்தால் வேரோடு கிழியும். வாயு அழுத்தத்தில் குழாய் அமுங்கி ரத்தம் தேங்குவதால் உள்ளே கட்டி உறையலாம். அதைத் தடுக்க முன்கூட்டியே ஹெபாரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைப் போடுவது நல்ல பழக்கம். வெளியே எடுத்தபின் கசிவு பார்க்க சிரிஞ்சால் பலமாக ஊதப் பெருக்கினாலும் உட்படலம் சிதையும். அந்தப் படலம் போனால் குழாய் அடைபடும்.

உங்கள் உறவினர் காரணமில்லாமல் சொல்லவில்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 12 முதல் 18 மாதங்களுக்குள் குழாய் அடைபட்ட நோயாளிகள் துளை முறையில் சுமார் 47 சதவீதம், காலை நீளமாக அறுக்கும் திறந்த முறையில் 38. ஆனால் அந்த ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 16 மருத்துவமனைகளில் 1,150 பேரைக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை ஆகியவை சேர்ந்து துளை முறையில் 13.9, திறந்த முறையில் 15.5 சதவீதம், பெரிய வித்தியாசமில்லை. கால் காயத் தொற்று துளை முறையில் 1.4, திறந்த முறையில் 3.1 சதவீதம். அங்கே நூறு கேஸுக்கு மேல் செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது இந்த அனுபவம்தான்.

ஆகவே சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: குழாய் எடுப்பவர் யார், எத்தனை கேஸ் செய்திருக்கிறார், பாதியில் அறுக்க நேர்வது எவ்வளவு? ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் குழாயின் விட்டத்தைப் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். வெரிகோஸ் (கால் ரத்தக் குழாய் புடைத்துச் சுருள்வது) இருந்தால் அந்தக் கால் உதவாமல் போகலாம். சிக்கலென்றால் உடனே திறந்த முறைக்கு மாறுகிறவர் நல்ல சர்ஜன்; பிடிவாதமாக உள்ளேயே இழுத்தால்தான் ஆபத்து.

வீடு திரும்பியபின் தொடையில் நீலம் பாரித்து நீளமாகத் தெரிவது சகஜம். முழங்காலுக்குக் கீழே உட்புறம் மரத்துப்போகவும் செய்யும். பக்கத்திலேயே ஓடும் உணர்வு நரம்பு உரசுவதால் வருவது, பெரும்பாலும் மாதங்களில் குறையும். க்ரேப் பேண்டேஜ் கட்டி, உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். காய்ச்சல், சீழ், கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.