நாடகப் பாடத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்பதை மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

நீங்களும் சார்ட் ஒட்டியிருப்பீர்கள், நடுவில் அரசன், சுற்றிலும் மகள், அமைச்சர், தோழி என்று கோடு போட்டு. நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள், கதை மட்டும் தெரியாது.

நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் மனோன்மணீயம் நாடகத்தைப் பாடமாக நடத்தினேன். (1891இல் வந்தது, லிட்டன் பிரபுவின் கதையைத் தழுவியது, நடிக்க அல்ல படிக்க எழுதியது என்று திருத்த வருகிறவர்களுக்கு: தெரியும்.) பாதி வகுப்பு தூக்கம். பாண்டியன் சீவகனுக்கும் சேரன் புருடோத்தமனுக்கும் சண்டை மூள்வது நாஞ்சில் நாட்டை, அதாவது இந்த நாகர்கோவில் பக்கத்தைச் சாக்காக வைத்துத்தான் என்றதும், "சார், நம்ம ஊருக்கா?" என்று ஒருத்தன் எழுந்துவிட்டான்.

அப்புறம் தோவாளையிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி, வீட்டில் பூக்கட்டுகிறவர்கள், மறுநாள் ஒரு கட்டு வாழைநார் கொண்டுவந்தாள். பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு முனை பிடித்து நின்றார்கள். சீவகன் இறுக்கிப் பிடித்திருக்க, அமைச்சன் குடிலனாக நின்றவன் இரண்டு விரலால் சும்மா தொட்டுக்கொண்டு நின்றான். ஏன் மக்கா என்றேன். "அவரு இவனை நம்புறாரு சார், இவனுக்கு அவரு சிம்மாசனம்தான் வேணும்." நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை இது. ஒரு உறவுக்கு ஒரு கோடு போதாது, இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. அரசன் மகளின் தோழி வாணிக்கு அவள் காதலன் நடராசனோடு ஒரு நார், அவள் அப்பா சகடர் குடிலன் மகன் பலதேவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறாரே, அதற்கு ஒன்று. சீவகன் மகள் மனோன்மணியும் புருடோத்தமனும் கனவில் மட்டுமே பார்த்துக்கொண்டவர்கள், அவர்களுக்கு நார் உண்டா இல்லையா என்று அடிதடி வராத குறை. தரையில் போட்டு வைப்போம், இருவரும் நேரில் பார்க்கிற ஐந்தாம் அங்கத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். சரிதான், எனக்கும் விடவில்லை. சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியர் அடுத்த வாரத்துத் தமிழ்ப் பீரியடில் இரண்டைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார். பரீட்சை வந்தால் முதலில் பறிபோவது தமிழும் விளையாட்டும்தானே. காலையில் பாடுகிற 'நீராருங் கடலுடுத்த' இந்த நாடகத்தில் இருந்து எடுத்ததுதான் சார் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படியா" என்றார்.

ஐந்தாம் அங்கத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடித்தோம். அதற்குள் நார் காய்ந்து ஒடிய ஆரம்பித்துவிட்டது, நீங்கள் செய்தால் முதலிலேயே தண்ணீரில் நனைத்து வைத்துக்கொள்ளுங்கள்.