ஆன்டிபாடியிடம் சளி வைரஸ் சிக்குவது எப்படி? கேள்வி பதில்

ஆன்டிபாடி வைரஸைக் கொன்றுவிடுமா, சார்?

ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க உடல் உருவாக்கும், இரண்டு கைகள் கொண்ட Y வடிவப் புரதம். கொல்வதைவிட, செயல்பட விடாமல் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. சளிக்கு அதிகம் காரணமாகும் ரைனோவைரஸைப் பாருங்கள். குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஓட்டில் நான்கு வகைப் புரதங்கள், ஒவ்வொன்றும் 60 படிகளாக. அதில் வெளியே தெரியும் மூன்றின் மேடுகளில்தான் ஆன்டிபாடியின் கை நுனி பெரும்பாலும் பிடிக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு, மின்னூட்ட ஈர்ப்பு எனச் சிறு விசைகள் பல சேர்ந்த பிடிப்பு அது. வடிவம் நெருக்கமாகப் பொருந்தினால்தான் நிற்கும். அந்த இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமான அலகு) மாறினாலும் பிடி நழுவக்கூடும்.

பிடித்த பிறகு பல வழிகள் உண்டு. செல்லின் மேற்பரப்பில் வைரஸ் ஒட்டிக்கொள்ளும் புரதம்தான் ஏற்பி; அதை வைரஸ் தொட முடியாமல் போகலாம். இரண்டு கைகளும் இரண்டு வைரஸ்களைப் பிடித்து, அவை கட்டியாகச் சேரலாம். ஓடு இறுகி, உள்ளே இருக்கும் ஆர்என்ஏ என்ற மரபுப் பொருள் வெளிவராமலே போகலாம்.

மூன்று நாளாகச் சளி. ஆன்டிபயாடிக் எடுக்கலாமா?

வேண்டாம். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது.

அப்படியானால் சளியைக் குணமாக்குவது ஆன்டிபாடியா?

புதிய வகை வைரஸ் என்றால் முதலில் களம் இறங்குவது இன்டர்பெரான் (தொற்றிய செல்கள் சுரக்கும் எச்சரிக்கைப் புரதம்) போன்ற உடனடித் தற்காப்பு. ஆன்டிபாடி போதிய அளவு உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் சளி பெரும்பாலும் அடங்கிவிடும். ஆன்டிபாடியின் பலன் அதே வகை மறுபடி வரும்போதுதான் தெரியும். மூக்கின் சளிப்படலத்தில் சுரக்கும் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகை வாசலிலேயே மறிக்கும்.

ஏற்பி ஒட்டும் இடம் வைரஸின் பள்ளத்துக்குள் இருக்கிறது. ஆன்டிபாடி அங்கே நுழையாது என்று படித்தேன். நீங்கள் சொல்வது இடிக்கிறதே?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். 1985-இல் மைக்கேல் ராஸ்மன் குழு ரைனோவைரஸ் 14 என்ற வகையின் அமைப்பை வெளியிட்டது. ஓட்டில் ஆழமான பள்ளம் ஓடுவது தெரிந்தது. ஒல்லியான ஏற்பி உள்ளே போகும், பருத்த ஆன்டிபாடி போகாது, அதனால் பள்ளத்தின் அடி மாறாமல் ஒளிந்திருக்கிறது என்று கருதினார்கள். ஆனால் 1996-இல் வெளியான அமைப்பில், ஓர் ஆன்டிபாடி பள்ளத்துக்குள் ஆழமாகவே இறங்கியிருந்தது.

அப்போது அந்தக் கருதுகோளே தப்பா?

முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஐகேம்-1 என்ற ஏற்பி பள்ளத்தில்தான் ஒட்டுகிறது. அது உறுதியான விஷயம். ஆன்டிபாடி பிடிக்கும் பரப்பு ஏற்பியின் பரப்பைவிட அகலம். ஆகவே விளிம்பில் சில அமினோ அமிலங்களை மாற்றிக்கொண்டு வைரஸ் தப்பிக்கலாம், ஏற்பியோடு ஒட்டும் திறனையும் இழக்காது. எனக்கு ஏற்புடைய விளக்கம் இதுதான்.

விளிம்பில் உட்கார்ந்த ஆன்டிபாடி பள்ளத்தை எப்படி மறைக்கும்?

அதன் பருமனே போதும். பக்கத்தில் நின்றாலே ஏற்பிக்கு வழி அடைபடும். இன்னொன்று: எல்லா ரைனோவைரஸும் ஐகேம்-1-ஐப் பயன்படுத்துவதில்லை. ரைனோவைரஸின் சி என்ற இனத்துக்கு ஏற்பி வேறு. ஒன்றை வைத்து எல்லாவற்றையும் பேசாதீர்கள்.

மஞ்சளாகச் சளி வருகிறது. இப்போதாவது ஆன்டிபயாடிக்...?

மேலே சொல்லிவிட்டேன். நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவு கட்ட முடியாது. மூச்சுத்திணறலோ விடாத காய்ச்சலோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், மருந்தை அவர் முடிவு செய்யட்டும்.

தூசி பட்டாலே தும்மல். எந்த வைரஸ்?

ஒவ்வாமையாக இருக்கலாம். ஒவ்வாமை மருத்துவரிடம் கேளுங்கள்.

தடுப்பூசி ஏன் இல்லை?

ரைனோவைரஸில் மட்டும் 160-க்கு மேற்பட்ட வகைகள். ஒன்றுக்கான ஆன்டிபாடி மற்றதை அநேகமாகப் பிடிக்காது. 2016-இல் 50 வகைகளை ஒரே ஊசியில் கலந்து ரீசஸ் குரங்குகளுக்குப் போட்டார்கள். பெரும்பாலான வகைகளைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி உருவானது. வகைகள் பல என்பது மட்டுமே கடக்க முடியாத தடை இல்லை என்று அதிலிருந்து நான் நம்புகிறேன்.

குழந்தைக்கு மீதி இருந்த ஆன்டிபயாடிக் சிரப்...

கொடுக்காதீர்கள்.