எத்தனை நாளாக, எங்கெல்லாம்?

பிள்ளைகளின் மனநிலை, நடத்தை பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் பிள்ளையின் வயதே இல்லை. வயதில்லாத கடிதத்துக்கு நான் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

ஏழாம் வகுப்புப் பையன். என் வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை. ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறுதானே?

எத்தனை நாளாக, எங்கெல்லாம்? 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிந்தால்தான் அந்தப் பேச்சுக்கே வரலாம். உங்கள் பாடவேளையில் மட்டும் எழுந்து நடக்கிறான் என்றால் முதலில் அந்தப் பாடவேளையைப் பாருங்கள். கண், காது, தூக்கம் மூன்றையும் விசாரித்தாயிற்றா?

மகளுக்கு 9 வயது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி. நடிக்கிறாளா?

பெரும்பாலும் வலி நிஜம்தான். பதற்றம் வயிற்றில் வந்து உட்காருவது சகஜம். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, திங்கட்கிழமை பள்ளியில் என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள். லீவு போட்டால் அன்றைக்கு வலி போய்விடும், அடுத்த வாரம் கிளம்புவது இன்னும் கஷ்டமாகும்.

வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு சொல் கிடையாது. சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது.

பேசாமலிருப்பது பிரச்சினையா என்று பார்க்கும்போது, புதுப் பள்ளியில் முதல் மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 'பேசு, பேசு' என்று குடையாமல் பொறுங்கள்.

எங்கள் ஆசிரியர்கள் எல்லா மாணவர்களுக்கும் எஸ்டிக்யூ (பிள்ளைகளின் மன, நடத்தைச் சிரமங்களுக்கான கேள்வித்தாள்) நிரப்பினார்கள். மொத்த மதிப்பெண் 16-ம் அதற்கு மேலும் வந்தவர்களின் பெற்றோருக்கு 'மனநலப் பாதிப்பு' என்று கடிதம் அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட அந்த 25 வரித் தாள் ஒரு சல்லடை. நோயைத் தீர்மானிப்பது அதன் வேலை இல்லை. 400 பேர் படிக்கும் பள்ளி, அதில் நிஜமாகவே சிரமப்படுவோர் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். தாள் 30 பேரைப் பிடிக்கிறது. மீதி 360 பேரில் பத்தில் ஒருவரைத் தவறாகக் காட்டினாலும் 36 ஆயிற்று. நீங்கள் அனுப்பும் 66 கடிதங்களில் பாதிக்கு மேல் பொய். போதாததற்கு, சத்தமில்லாமல் தவிக்கும் 10 பேர் 'நல்ல பிள்ளை' என்ற பெயரோடு பின்பெஞ்சில் இருப்பார்கள்.

பெற்றோருக்கும் 11 வயது முதலான மாணவர்களுக்கும் தனித் தாள்கள் உண்டு. மூன்றும் ஒத்துப்போகாது. அம்மா 8 என்கிறார், டீச்சர் 19 என்கிறார் என்றால் அந்த வித்தியாசம்தான் சேதி. பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அப்புறம் பெற்றோரிடம் எத்தனை நாளாக, எங்கெல்லாம் என்று கேளுங்கள். அதற்குப் பிறகுதான் கவுன்சலர், மருத்துவர்.

நான் போன ஒரு பள்ளியில் ஆசிரியர் அறைப் பலகையிலேயே பெயர்ப் பட்டியல் தொங்கியது. மதிய இடைவேளைக்குள் அந்தப் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது.

15 வயதுப் பையன் அழுவதில்லை, எரிந்து விழுகிறான். இதுவும் மனச்சோர்வா?

இருக்கலாம். இந்த வயதில் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலே முன்னால் நிற்கலாம். இரண்டு வாரமாக அநேகமாகத் தினமும் அப்படியே இருந்து, தூக்கமும் பிடித்த விளையாட்டும் போய்விட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் நாமே விதைத்ததாகாதா?

ஆகாது. நேராகக் கேளுங்கள். 'ஆமாம்' என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவ உதவி வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பையன் சரியில்லை. என்ன செய்ய?

வயது? எத்தனை நாளாக? எங்கெல்லாம்? மறுபடி எழுதுங்கள்.