அம்மா தந்தனுப்பின அமுக்கரா

தங்கச்சி,

கல்லடியில மழை விட்டபாடில்ல. வாவி நிரம்பி நிக்குது. முகத்துவாரம் வெட்டுவாங்களா மாட்டாங்களா என்றதுதான் தேத்தண்ணிக் கடையில பேச்சு. இந்த மழைக்குள்ளயும் உன்ட அம்மா களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறி வந்து, உனக்கென்று ஒரு பொட்டலம் தந்திட்டுப் போறா. முறுக்கு, வல்லாரைத் தூள், மாமாங்கம் கோயில்ல வாங்கின நூல், மறுகா ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில பாதிக்கு அமுக்கராத் தூள். "பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிட்டுது, நித்திரையே இல்லையாம்" என்றா.

நீ இங்கிலாந்தில லெஸ்டரிலிருந்து எழுதினதும் அதைத்தான். நவம்பர் தொடக்கம் விடிய எழும்ப ஏலாம இருக்கு, வகுப்பில காரணமில்லாம நெஞ்சு படபடக்குது, வேலையால வந்து சப்பாத்தும் கழட்டாம கட்டிலில இருந்து அழுறன் என்று. டொக்டரிட்ட போனா விசாவுக்குப் பிரச்சினை வருமா, இல்லாட்டி கடையில விக்கிற செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் மாத்திரையை எடுத்துப் பார்க்கவா என்று கேட்டிருந்தாய்.

விசாக் கதையை முதல்ல விடு. வருசத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே வந்த நீ? ஜீ.பி.யை, அதுதான் உன்ட ஏரியா டொக்டரை, பார்க்கக் காசில்லை. மனசு சரியில்லை என்று அவரிட்ட சொன்னதுக்காக மாணவர் விசாவைப் பறிக்கமாட்டாங்க. நம்மட ஆக்கள் இதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் பயப்படுத்தி வச்சிருக்கிறாங்க.

அந்த மாத்திரைக்கு வருவம். அது சும்மா ஏமாத்து மருந்தில்ல. மஞ்சள் பூப் பூக்கிற ஒரு செடி. ஜெர்மனியில டொக்டர்மாரே எழுதிக் குடுப்பாங்க. 2008ல 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில, மனச்சோர்வுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அது நல்லாக் கேட்டிருக்கு. ஆனா நல்ல முடிவு கூடுதலா வந்தது ஜெர்மன் பேசுற நாடுகளில செய்த ஆய்வுகளில. இங்கிலாந்தில டொக்டர்மாருக்கு வழிகாட்டி எழுதுற நைஸ் என்ற அமைப்பு, அதைப்பற்றி ஆக்களை எச்சரிக்கச் சொல்லுது. ஒரு கம்பனி மாத்திரையில இருக்கிற மருந்தளவு மற்றக் கம்பனியில இல்ல, அதோட மற்ற மருந்துகளோட மோதும்.

மோதும் என்றா என்ன என்று எனக்குத் தெரியும். 2009, லண்டனில எனக்கு ரெண்டாவது மாரி. டொக்டர் மனச்சோர்வுக்குச் செர்ட்ரலின் என்ற மாத்திரை தந்திருந்தார். ரெண்டு கிழமையாகியும் ஒன்றும் தெரியல்ல (அது வேலை செய்யவே நாலு, ஆறு கிழமை எடுக்கும் என்று எனக்கு ஆர் சொன்னது?). செடிதானே, என்ன செய்யப்போகுது என்று, கூட வேலை செய்தவ தந்த இந்த மாத்திரையையும் சேர்த்து விழுங்கினன். நாலாம் நாள் கடைக் கல்லாவில நிக்கிறன், கைக்குள்ள சில்லறை கடகடவென்று ஆடுது. மாரிக் குளிருக்குள்ள சட்டை வேர்வையில ஒட்டிப்போச்சு, தாடை தன்பாட்டில நடுங்குது, வயிறு கலக்குது. பக்கத்து மருந்துக்கடைக்கு ஓடினன். அங்க நின்ட குஜராத்திப் பெரியவர் ரெண்டு பெட்டியையும் மேசையில வைக்கச் சொன்னார். பார்த்தார். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ மகள்" என்றார். ரெண்டும் சேர்ந்து, மூளையில சுரக்கிற செரட்டோனின் என்ற இரசாயனத்தை அளவுக்கு மேல ஏத்திப்போட்டுது. ஒரு ராத்திரி அங்க கிடந்து தப்பினன்.

நீ செர்ட்ரலின் எடுக்கல்ல, சரி. ஆனா மாதவிடாய் ஒழுங்காக வர கர்ப்பத்தடை மாத்திரை எடுக்கிறன் என்று கடைசி வரியில போட்டிருக்கிறாய். அதைத்தான் நீ முதல் வரியில எழுதியிருக்கவேணும். இந்தச் செடி ஈரலை முடுக்கிவிட்டு, மற்ற மருந்துகளை உடம்பிலிருந்து கெதியாக் கழிச்சுப்போடும். உன்ட மாத்திரை கேட்காது, இடையில இரத்தம் போகும். நிப்பாட்டின பிறகும் நாலு கிழமைக்கு அந்த வேலை இருக்கும். அதால உனக்கு அது வேணாம்.

அமுக்கராவும் மருந்துதான். லண்டன் கடைகளில அஸ்வகந்தா என்று டப்பாவில விக்கிறது இதைத்தான். படபடப்பும் நித்திரையும் கொஞ்சம் சரியாகுது என்று சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு. ஆனா சிலருக்கு ஈரல் பழுதாகியிருக்கு, தைரொயிட் சுரப்பையும் அது கூட்டும். டென்மார்க் 2023ல தடையே செய்திட்டுது. எங்கட ஊர்ப் பரிசாரியார் நாடி பார்த்து, இவ்வளவு, இத்தனை நாளைக்கு என்று அளந்து தந்தா அது ஒரு கதை. ஹோர்லிக்ஸ் போத்தலில, கரண்டிக் கணக்கில, கடலுக்கு அங்கால இருக்கிற பிள்ளைக்கு அனுப்புறது வேற கதை.

விற்றமின் டி எடு, நாளைக்கு 10 மைக்ரோகிராம். எங்கட தோலுக்கு அந்த நாட்டு மாரி வெயில் காணாது. எலும்புக்கு நல்லது. மனசைத் தூக்கும் என்று மட்டும் நம்பியிராத.

எனக்குக் கைகுடுத்தது வெளிச்சம்தான். மட்டக்களப்பில வருசம் முழுக்க ஆறு மணியளவில விடியும். அங்க டிசம்பரில எட்டு மணிக்கு விடிஞ்சு, பின்னேரம் நாலுக்கு முன்னமே இருட்டிப்போடும். 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தாற விளக்கு ஒன்று வாங்கி, எழும்பினவுடன அரை மணித்தியாலம் முன்னால இருந்து தேத்தண்ணி குடிப்பன். கண்ணில வருத்தம் உள்ளவங்க கேட்டிட்டுத்தான் பாவிக்கவேணும். விளக்குக்குக் காசில்லாட்டி, விடிஞ்சவுடன வெளியில நட. மப்பு நாளிலயும் வெளி வெளிச்சம் உன்ட அறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு. ஒரு கிழமை நடந்திட்டு ஒன்றும் மாறல்ல என்று சொல்லாத, எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

ஆனா இதெல்லாத்துக்கும் முதல் ஜீ.பி.யிட்ட போய் தைரொயிட், இரும்பு, பி12 பார்க்கச் சொல்லு. இரத்தம் குறைஞ்சாலும் இப்பிடித்தான் சோர்வும் படபடப்பும் வரும், அதுவும் மாதவிடாய் கூடப் போற உனக்கு. லேசான மனச்சோர்வுக்கு அவங்களும் உடனே மாத்திரை தரமாட்டாங்க, பேச்சுச் சிகிச்சையைத்தான் சொல்லுவாங்க. அதுக்கு நீயே இணையத்தில பதியலாம், காசில்லை. தமிழில கதைக்க மொழிபெயர்ப்பாளர் வேணுமென்றும் கேட்கலாம். சில இடத்தில மாதக் கணக்கில காத்திருக்கவேணும், அது உண்மைதான்.

செத்தாப் பரவாயில்லை என்ற நினைப்பு வந்தா மட்டும் காத்திருக்காத. அங்கத்தைய சுகாதாரச் சேவை நம்பர் 111க்கு அடிச்சு 2ஐ அழுத்து, எந்தச் சாமத்திலயும் எடுப்பாங்க. எனக்கும் எடு.

நான் 19ஆந் தேதி லண்டன் வாறன். முறுக்கும் வல்லாரையும் நூலும் என்ட பையில இருக்கு. வல்லாரையைச் சம்பலாத்தான் திண்டு வளர்ந்த நாங்கள், தூளாக் கரைச்சுக் குடிக்கிறதென்றா அதையும் ஜீ.பி.யிட்ட சொல்லு. அமுக்கராப் போத்தலை இங்க அலுமாரிக்குள்ள வச்சிட்டு வாறன். அம்மாட்ட நீயே சொல்லிப்போடு, எனக்கு அந்த மனுசிட முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாமப் போச்சு.