விளைநிலத்தின் மண்டலத்தை மாற்றும் முன்: கேள்வி பதில்

விவசாய மண்டலத்தில் உள்ள நிலத்தைக் குடியிருப்புக்கோ தொழிலுக்கோ மாற்றித் தரக் கேட்டு விண்ணப்பம் வந்தால், அந்த இடத்தைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: நிலத்தில் கால் வைத்ததும் முதலில் என்ன செய்வீர்கள் சார்?

பதில்: மண்வெட்டியை எடுப்பேன். மண் வரைபடம் பெரிய பரப்புக்குப் போட்டது, பத்து ஏக்கருக்குள் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது. மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தாழ்வில் ஒன்று என்று இடுப்பளவுக் குழி குறைந்தது மூன்று வேண்டும். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாபோலத் தள்ளிப் பாருங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் முறியாமல் நீண்டால் களிமண். அப்புறம் குழியின் சுவரைப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்தாற்போல் செம்புள்ளிகள் இருந்தால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அந்த உயரம்வரை ஏறி நிற்கிறது என்று பொருள். நீங்கள் போன அன்று மண் பொரிந்து கிடந்தாலும் அந்தப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். (பிற்பாடு வடிகால் வெட்டிய நிலத்தில் மட்டும் பழைய புள்ளிகள் ஏமாற்றும்.)

கேள்வி: எங்கள் நிலம் ஐந்து வருடமாகத் தரிசு. விவசாயத்துக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடலாமே?

பதில்: எழுத மாட்டேன். உழ ஆள் கிடைக்கவில்லை, பங்காளித் தகராறு, விலை ஏறட்டும் என்ற காத்திருப்பு என்று தரிசுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். அமெரிக்க வேளாண் துறை 1961இல் வெளியிட்ட நிலத்திறன் வகைப்பாட்டில் எட்டு வகுப்புகள் உண்டு. முதல் நான்கும் உழவுக்கு ஆகும், மற்றவை பெரும்பாலும் மேய்ச்சலுக்கும் காட்டுக்கும்தான். அதில் சரிவு, ஆழம், வடிகால், அரிப்பு எல்லாம் கேட்பார்கள். கடைசியாக எப்போது உழுதீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.

கேள்வி: பதினைந்து வீடுதான் கட்டப்போகிறேன் என்று வரைபடமே கொடுத்துவிட்டேன். இன்னும் ஏன் இழுக்கிறார்கள்?

பதில்: மாறும் மண்டலம் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும், உங்களோடு வராது. நாளைக்கு விற்றுவிட்டால், வாங்கியவர் அந்த மண்டலத்தில் அனுமதி உள்ள எதையும் கட்டலாம். ஆகவே புதிய மண்டலத்தின் பட்டியலில் இருப்பதிலேயே பளுவான பயன்பாட்டை எடுத்துக்கொண்டுதான் சாலை தாங்குமா, தண்ணீர் போதுமா என்று கணக்குப் போடுவேன். இது பட்டுத் தெரிந்த பாடம். ஆரம்ப காலத்தில், வீட்டோடு கிடங்குக்கும் அனுமதி உள்ள ஒரு கலப்பு மண்டல விண்ணப்பத்தில் வரைபடத்தை நம்பிச் சாதகமாக எழுதினேன். மூன்றே வருடத்தில் நிலம் கைமாறியது. வீடு வரவேண்டிய இடத்தில் கிடங்கு வந்தது, ஒற்றைத் தடச் சாலையில் லாரிகள் வரிசை கட்டின. நான் எழுதியதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

கேள்வி: கழிவுநீருக்கு செப்டிக் தொட்டி போதுமா?

பதில்: குழியில் தண்ணீர் ஊற்றி, மண் அதை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று பார்க்கும் ஊறல் சோதனை சொல்லும். குழியை முன்கூட்டியே நனைத்து ஊறவிட்டுச் செய்ததா என்று கேளுங்கள். காய்ந்த குழி எவ்வளவு தண்ணீரையும் குடித்துவிடும்.

கேள்வி: நூறு வருட வெள்ள எல்லைக்கு வெளியேதான் இருக்கிறோம். பயமில்லை அல்லவா?

பதில்: நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று அதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பார்த்தால் எல்லைக் கோட்டில் இருக்கும் வீட்டுக்கு 30 வருடத்தில் ஏறத்தாழ 26 சதவீதம். கோட்டுக்கு வெளியே இது குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது. போதாததற்கு, கூரையும் தாரும் போட்டதும் மண் குடித்த தண்ணீரெல்லாம் ஓட ஆரம்பிக்கும். பழைய கோடு அதைக் கணக்கில் எடுத்திருக்காது.

கேள்வி: பக்கத்து வயல் என்னுடையது. நான் எதையாவது கவனிக்க வேண்டுமா ஐயா?

பதில்: நீங்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். புதிதாகக் குடிவருபவர்கள் மருந்து அடிக்கும் வாடைக்கும் ராத்திரி டிராக்டர் சத்தத்துக்கும் புகார் கொடுப்பார்கள். எந்த மாதம் மருந்து அடிக்கிறீர்கள், மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எல்லாவற்றையும் இப்போதே தேதியோடு எழுதி, படம் எடுத்துக் கருத்துக்கேட்பில் கொடுத்துவிடுங்கள். மரவரிசையோ இடைவெளியோ விடவேண்டும் என்றால் அது அவர்கள் எல்லைக்குள் இருக்கட்டும் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் உங்கள் வரப்புப் பக்கம்தான் தள்ளுவார்கள்.