பார்டர் நோட்டில் உங்கள் பெயர்

கேள்வி: எனக்கு வயது 46. வெறும் வயிற்றில் சர்க்கரை 112 இருந்தது. "பார்டர்தான், மாத்திரை வேண்டாம்" என்றார் டாக்டர். ஆனால் கிளினிக் நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து "ரத்தம் கொடுக்க வாங்க" என்று போன் செய்கிறார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். பெயரை அடிக்கச் சொல்லலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அடிக்க வேண்டாம் அம்மா. நோட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கவுண்டர் மேல் விரித்துக் கிடந்தால் டோக்கன் வாங்க வருகிறவர் எல்லாம் வாசிப்பார். உங்கள் பயம் நியாயம்தான். பீரோவில் வைக்கச் சொல்லுங்கள், உரிமையோடு.

மேலூர் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் கிளினிக் நடத்துகிறேன். என்னிடம் இரண்டு லாங் சைஸ் நோட்டு. சர்க்கரை உறுதியானவர்கள் ஒன்றில், பேனாவில். பார்டர்காரர்கள் இன்னொன்றில், பென்சிலில். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாத சராசரி (HbA1c டெஸ்ட்) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் பென்சில். 126ஐத் தொட்டாலும் உடனே மாற்ற மாட்டேன். இன்னொரு நாள் மறுபடி பார்த்த பிறகுதான் பேனா.

முன்பு ஒரே நோட்டுதான். மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்த ஒருவருக்கு 118 என்று எழுதினேன், பக்கத்தைத் திருப்பியதோடு சரி. நாலு வருடம் கழித்து உள்ளங்கால் புண்ணோடு வந்தார். சர்க்கரை 290. பழைய நோட்டைப் புரட்டினால் என் கையெழுத்திலேயே அந்த 118. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சர்க்கரைக்காரர் மாத்திரை தீர்ந்தால் தானே வந்து நிற்பார். இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பார்டர்காரருக்கு மாத்திரையும் இல்லை, வலியும் இல்லை. அவர் எதற்கு வரப் போகிறார்? நாம்தான் கூப்பிட வேண்டும்.

அதனால் "அடுத்து வர வேண்டிய மாதம்" என்று தனியாகக் கோடு போட்டேன். மாதம் பிறந்ததும் எங்கள் சிஸ்டர் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் போன் போடுவார். சித்திரையில் மட்டும் விட்டுவிடுவோம். அழகர் மலைக்குத் திரும்பும் வரை யாரும் வர மாட்டார்கள். பாண்டி என்ற பெயரில் மட்டும் ஏழு பேர், ஆகவே அப்பா பெயரும் ஊரும் சேர்த்து எழுதுகிறோம். கொடுத்த நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். ஒருமுறை இறந்துபோனவர் வீட்டுக்கே "டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க" என்று போன் போய்விட்டது. அப்புறம் வருடா வருடம் பெயர்களைச் சரிபார்க்கிறோம்.

அடுத்த முறை உங்களுக்கு 95 வந்தாலும் பெயர் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். போகிற நாளில் எட்டு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்கட்டும், தண்ணீர் குடிக்கலாம். "சர்க்கரை போடாத காபிதானே டாக்டர்" என்று குடித்துவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.