நடிகர் காலின் வெல்லண்ட் எப்படித் திரைக்கதை எழுத்தாளர் ஆனார்?

இவரை 'உழைக்கும் வர்க்க' நடிகர் என்பார்கள். பிரிட்டனில் அது சம்பளக் கணக்கு மட்டுமல்ல. பிறந்த தெரு, படித்த பள்ளி, முக்கியமாகப் பேச்சு வழக்கு. வாயைத் திறந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வெல்லண்ட் 1934இல் வட இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர், ஓவிய ஆசிரியர். 1962இல் பிபிசி 'இசட் கார்ஸ்' என்ற போலீஸ் தொடரைத் தொடங்கியபோது வடக்கத்திப் பேச்சு அப்படியே தேவைப்பட்டது. அதுவரை தடையாக இருந்த உச்சரிப்பே அவருக்கு வேலை வாங்கித் தந்தது!

'கெஸ்' (1969) படத்தில் ஆசிரியராகவே வந்தார். எல்லோரும் உதவாக்கரை என்று ஒதுக்கிய பையன், வல்லூறைப் பழக்கிய கதையை வகுப்பில் சொல்கிறான். வெல்லண்ட் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, காதுகொடுத்துக் கேட்கிறார். அவ்வளவுதான். அதற்கு பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா கிடைத்தது. சரியான தீர்ப்பு என்பேன்.

நடித்தவர் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. எந்தப் பதார்த்தம் இலையில் மிஞ்சுகிறது என்று பந்தியில் பரிமாறுகிறவருக்குத்தானே தெரியும்? எந்த வசனம் வாயில் ஒட்டாது என்பது நடிகருக்கும் அப்படித்தான். தொலைக்காட்சி நாடகங்கள் எழுதிப் பழகியவர், 1924 பாரிஸ் ஒலிம்பிக் ஓட்டக்காரர்களைப் பற்றிய 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தின் திரைக்கதைக்காக 1982இல் ஆஸ்கர் வாங்கினார்.

'கெஸ்' திரைக்கதையும் இவருடையது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அதில் அவர் நடிக்க மட்டுமே செய்தார்.